பதிலுக்குக் காத்திருக்கிறது

தீபாவளிக்கு மறுநாள் பிற்பகல், பேக்கப் சர்வரின் திரையில் ஒரு வாசகம் மாறியிருந்தது. நேற்றுவரை 'அபிராமி' என்ற பெயருக்கு எதிரே 'அப்படியொரு கிளையண்ட் இல்லை' என்று சிவப்பில் இருக்கும். இன்று சிவப்பு இல்லை. 'பதிலுக்குக் காத்திருக்கிறது' என்று இருந்தது.

பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் முனீஸ் அதைப் படித்துவிட்டு எழுந்துபோய் சர்வர் அறைக் கதவைத் திறந்து வெளியே பார்த்தான். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் மற்ற நாட்களில் பின்னல் எந்திரங்களின் இரைச்சல் தரை வழியாக ஏறி முழங்கால்வரை அதிரும். இன்று அந்த அதிர்வு இல்லாததால் கட்டடமே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது, ஈரப் பனியன் துணியும் எந்திர எண்ணெயும் ஆறிப்போன இஸ்திரி நீராவியும் கலந்த வாசனை மட்டும் போக இடமில்லாமல் நடைபாதையில் தங்கியிருந்தது. வடக்கத்திப் பையன்கள்கூட ரயிலேறிவிட்டார்கள். மெயின் சுவிட்சை இறக்கியாயிற்று. யு.பி.எஸ்.ஸில் ஓடிக்கொண்டிருப்பது இந்த ஒரு அறைதான். பதில் சொல்ல எந்தக் கம்ப்யூட்டரும் விழித்திருக்கவில்லை.

ஆபீஸில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அந்த சர்வருக்கு ஒரு கிளையண்ட். மாலையானதும் சர்வர் ஒவ்வொன்றாகக் கூப்பிடும். பதில் வந்தால் அன்றைய வேலையை நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். கம்பெனி வழக்கப்படி, கம்ப்யூட்டருக்குப் பெயர் அதில் உட்காருகிறவருடைய பெயர்தான். அபிராமி இங்கே ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தாள். முனீஸின் மனைவி. ஆடி மாதம் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அவளுடைய கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்து வேறு ஒருத்திக்குக் கொடுத்தார்கள். பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியவன் முனீஸ்தான். ஆனாலும் சர்வருக்குள்ளே எங்கெங்கோ அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. மாலையானால் அது அவளைத் தேடும். இல்லை என்று சொல்லும்.

அதைச் சரிசெய்ய அவன் முயலவேயில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவளுடைய அம்மாகூட இப்போதெல்லாம் போனில் சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்கிறாள். அவளைத் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது உலகத்தில் இந்த எந்திரம் ஒன்றுதான். இதுவும் நின்றுவிட்டால்? அதற்குமேல் அவன் யோசித்ததில்லை. அழுததும் இல்லை. போன மாதம் இஸ்திரிப் பெட்டியில் கை பட்டது. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டான்.

போன் அடித்தது. முதலாளி ஆத்தப்பன்.

"முனீசு, சாப்டியா கண்ணு?"

"ஆச்சுங்க."

"பொய் சொல்லாத. பலகாரம் குடுத்து உடறேன்னா அதையும் வேண்டாங்கற. செரி, அந்தப் பேரு விசயம் என்னாச்சு? லீவு முடிஞ்ச ஒடனே ஆடிட்டுக்காரன் வந்து உக்காந்துக்குவான். போன தடவை, இந்த அபிராமி எங்க, கூப்புடுங்கன்னு எங்கிட்டயே கேக்கறான். நான் என்னன்னு சொல்றது?"

"இன்னிக்கு எடுத்தர்றேங்க."

"வேற ஆள வெச்சுக்கூடப் பண்ணிக்கலாம் சாமி."

"வேண்டாங்க. நானே எடுத்தர்றேன்."

எடுக்க முடியவில்லை. நீக்கச் சொன்னால், அப்படியொரு கிளையண்ட் இல்லை என்றது. இல்லையென்றால் யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்க அதில் வழியில்லை. சாப்ட்வேர் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டான். சென்னையிலிருந்து வேல்குமார் என்பவன் பேசினான். எதையோ மென்றுகொண்டே பேசினான்.

"இல்லாத ஆள எப்படி சார் வெளிய அனுப்பும்? அதான் முரண்டு பிடிக்குது. ஒண்ணு பண்ணுங்க. அதே பேர்ல புதுசா ஒண்ணு உருவாக்குங்க. அங்கங்க மிச்சம் மீதி இருக்கறதெல்லாம் வந்து அதுல ஒட்டிக்கும். முழுசா ஆனதும் மொத்தமா டெலீட் பண்ணிருங்க. எல்லாரும் பண்றதுதான்."

"எந்த மெஷினக் காட்றது? அந்தக் கம்ப்யூட்டர்தான் இல்லையே."

"உங்க லேப்டாப்பையே காட்டுங்க சார். சும்மா பேருக்குத்தானே. ஹேப்பி தீபாவளி."

பெயரை அடித்தான். கடைசியாக இந்தப் பெயரை அவன் எழுதியது இறப்புச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தில். எந்த எந்திரம் என்று கேட்ட இடத்தில் தன் லேப்டாப்பைக் காட்டினான். என்டரைத் தட்டினான்.

'காத்திருக்கிறது' என்பது அழிந்தது. 'இணைந்தது' என்று வந்தது.

முதலில் எதுவும் நடக்கவில்லை. சர்வரின் விசிறிகள் மட்டும் வேகம் பிடித்தன. அறைக்குள் குளிர்ந்த காற்று சுழல, வெளியே மழைமேகம் இறங்கி ஜன்னல் வெளிச்சம் நீலச் சாயத்தில் முக்கி எடுத்த துணிபோல் கருத்துக்கொண்டே வர, எங்கோ தொலைவில் மிச்சமிருந்த வெடி ஒன்று வெடித்து அடங்கியது. திரையில் ஒரு பச்சைக் கோடு வளர ஆரம்பித்தது. அப்போதுதான் தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது.

எதையோ அழுத்தித் திருப்புகிற சத்தம். கரக்.

மேல்மாடியில் சாம்பிள் ரூம். அங்கே ஜி.எஸ்.எம். கட்டர் இருக்கிறது. துணியின் மேல் வைத்துக் குமிழை அழுத்தித் திருப்பினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டுப்படும். வட்டத்தைத் தராசில் போட்டு, துணிக்குச் சொன்ன எடை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அபிராமி நாள் முழுக்க அதைத்தான் செய்வாள். குறைந்தால் துணியைத் திருப்பி அனுப்பிவிடுவாள். துணிக்குச் சாயமேற்றும் டையிங்காரர்கள் அவளுக்குப் பயப்படுவார்கள்.

கரக்.

எலியாக இருக்கும். எலி குமிழைத் திருப்பாது.

இன்டர்காம் அடித்தது. கேட்டிலிருந்து வாட்ச்மேன் மணியன். ஐப்பசி பிறந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்.

"ஏனுங்க தம்பி, பேக்கரிக்குப் போறனுங்க. உங்களுக்கு டீ சொல்லிரட்டுங்களா?"

"சொல்லுங்க."

"மேல இருக்கற அம்மிணிக்கு?"

முனீஸ் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தான்.

"சாம்பிள் ரூமு ஜன்னல்ல நிக்கறாங்களே, அவிங்களுக்குங்க. லீவுல வந்து வேல பாக்கறாங்க, பாவம். லைட்டுகூடப் போடாம இருட்டுல நிக்கறாங்க. நான் கையக் காட்டுனனுங்க. திரும்பக் காட்டல."

"மூஞ்சி தெரியுதா?"

"பாதிதான் தெரியுதுங்க" என்றார் மணியன். "மறைவா நிக்கறாங்களாட்ட இருக்குது. டீ ஒண்ணுங்களா, ரெண்டுங்களா?"

"ஒண்ணு" என்று சொல்லி ரிசீவரை வைத்தான். வைத்த கையைப் பார்த்தான். நடுங்கவில்லை. நடுங்கினால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

திரையைக் கவனித்தான். பச்சைக் கோடு முக்கால் தூரம் வந்திருந்தது. நகல் எடுப்பதென்றால் அம்புக்குறி லேப்டாப்பிலிருந்து சர்வருக்குப் போக வேண்டும். போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் கீழே, 'குறைபவை எடுக்கப்படுகின்றன' என்று ஒரு வரி. இந்த சாப்ட்வேரில் அப்படியொரு வரியை அவன் பார்த்ததில்லை.

லேப்டாப்பைத் திறந்தான். கல்யாணப் படங்கள் இருந்த இடத்துக்குப் போனான்.

தாலி கட்டும் படம். அபிராமி தலை குனிந்திருந்தாள், உதட்டோரம் சிரிப்பை அடக்கியபடி. அவன் முகம் இருந்த இடத்தில் ஒரு வட்டம். வெள்ளை வட்டம். விளிம்பு அத்தனை சுத்தம்.

மேலே, கரக்.

அடுத்த படம். குமரிக் கடற்கரை. அவள் முழுதாக இருந்தாள். அவனுடைய மார்பில் வட்டம். அதன் வழியே கடல் தெரிந்தது.

அந்தக் கடற்கரையில் அவள் என்ன பேசினாள் என்று நினைத்துப் பார்த்தான். நேற்றுவரை தெரியும். இப்போது அந்த இடம் வழுவழுவென்று காலியாக இருந்தது. கடலின் சத்தம்கூட இல்லை.

திரையில் ஒரு கட்டம் எழுந்தது. 'அபிராமி முழுமையடையவில்லை. நீக்கலாமா? ஆம். இல்லை.'

மேலே நாற்காலி உருண்டது. பிறகு நடை. நடையில் ஏதோ கோளாறு. ஒரு காலடி கேட்டது. அடுத்தது கேட்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு காலடி. சாம்பிள் ரூமின் கதவு. மாடிப்படி.

மவுஸின் அம்பு 'ஆம்' மேல் நின்றது. அழுத்தினால் போதும். படியில் வருவது வராது. போட்டோவில் இருப்பவன் மிச்சப்படுவான். நாளை மாலை சர்வர் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும். அவளை விட்டுவிடும். அதன்பின் எந்த மாலையும் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஒரு காலடி. ஒன்றுமில்லை. ஒரு காலடி.

விரல் அழுத்தவில்லை. அம்பை நகர்த்தினான்.

'இல்லை.'

அழுத்தினான்.

நடை கதவுக்கு வெளியே நின்றது. புதுப் பனியன் துணியின் வாசனை. அதற்கு அடியில் ஆஸ்பத்திரி. கதவுப் பிடி மெதுவாகக் கீழே இறங்கியது.

அபிராமிதான். அவளுடைய நீலச் சுடிதார். கழுத்தில் அடையாள அட்டை. வலது பக்கம் அவளுடைய கண், அவளுடைய கன்னம், உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பின் பாதி. இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக எதுவும் இல்லை. ரத்தம் இல்லை. தோல் இல்லை. வட்டத்தின் வழியே பின்னாலிருந்த நடைபாதைச் சுவர் தெரிந்தது.

கையில் கட்டர்.

"வெயிட் கொறையுது முனீசு" என்றாள். துணிக்காரர்களிடம் சொல்லும் அதே குரல். கோபமில்லை.

கிட்டே வந்தாள். கட்டரின் குளிர்ந்த விளிம்பு அவன் நெற்றியில் பட்டது. கண்ணாடிச் சட்டத்தில் தடுக்கி நின்றது.

முனீஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். மடித்துக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தான். இடது கன்னத்தை அவளுக்கு வாகாகத் திருப்பிக் கொடுத்து, அசையாமல் உட்கார்ந்தான்.