காற்றுக் குழாயருகே ஒரு மூச்சு

‘நங்’கென்று தலை இடித்தபோது அவள் கண்ணில் பொறி பறந்தது.

“பார்த்துங்க! இது சரக்குக் கப்பல்... இங்க குழாய் நகராது, நாமதான் குனியணும்.”

எண்ணெய்க் கறைச் சட்டை. சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள். கப்பலின் இரண்டாம் இன்ஜினியர்.

“விளக்கு ஒழுங்கா எரிஞ்சாத்தானே பார்க்க முடியும்!” என்று சீறினாள். அந்தச் சீறலில் பாதி வெட்கம்தான்...

அவள் கடல் ஆராய்ச்சிக்காரி. கடல்நீரிலும் மேலே வீசும் காற்றிலும் கரியமில வாயு எவ்வளவு என்று அளக்கும் கருவியை அந்தக் கப்பலின் இன்ஜின் அறையில் பொருத்தியிருந்தாள். கப்பல் தன் பாட்டுக்குச் சரக்கோடு போகும், கருவி தன் பாட்டுக்கு அளக்கும். கப்பல் கரை சேரும்போதெல்லாம் இவள் ஓடி வருவாள்.

“உங்க மாப்பிள்ளை சௌக்கியம். வேளாவேளைக்குக் கடல் தண்ணி குடிக்கிறார்,” என்பான் அவன். கருவிக்கு அவன் வைத்த பெயர் அது.

“அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களைத்தான் கேட்பேன்!”

“கேளுங்க... எதையாவது கேட்க மாட்டீங்களான்னுதானே காத்திருக்கேன்.”

காதில் விழாத மாதிரி திருகாணியைத் திருகினாள். விழுந்தது... வீடு வரை கூடவே வந்தது.

பிறகுதான் அந்த வினை. ஒரு பயணத்தில் மாலைதோறும் காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவு தாறுமாறாக ஏறியிருந்தது. கருவிக்குக் காற்றை இழுத்துத் தர, கப்பலின் முன்முனையில் வைத்திருந்த காற்றுக் குழாயருகே யாரோ நின்று மூச்சு விட்டிருக்கிறார்கள்! கேப்டன் அறையில், எல்லோர் முன்னாலும் யார் அது என்று கேட்டாள்.

“நான்தாங்க,” என்றான் அவன்.

“அங்க உங்களுக்கு என்ன வேலை?”

அவன் கேப்டனைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

“என் உழைப்பு உங்களுக்கு விளையாட்டாப் போச்சுல்ல? இனிமே என் கருவிப் பக்கமே வராதீங்க!”

அவன் முகம் சுண்டிப்போனது. தலையை மட்டும் ஆட்டினான்.

மறுநாளே மனசு உறுத்தியது. மன்னிப்புக் கேட்கலாம்தான்... ஆனால் தானாகப் போய்ப் பேசுவதா? அடுத்த முறை கப்பல் வந்தது, அதற்கடுத்த முறையும் வந்தது. அவன் தூரத்தில் நின்றான், இவள் வறட்டு கௌரவத்தோடு கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருநாள் அவனைக் காணோம்.

“வேற கப்பலுக்குப் போயிட்டான்மா,” என்றார் கேப்டன். “கல்யாணமும் ஆயிடுச்சு. ரொம்ப நாளா தட்டிக் கழிச்சிட்டிருந்தவன், அம்மா பார்த்த பொண்ணுக்கே சரின்னுட்டான்.”

அவள் கையிலிருந்த ஸ்பானர் நழுவி விழுந்தது.

“அந்தக் குழாய்கிட்ட நின்னு என்னதான் பண்ணினார் சார்?”

கேப்டன் அவளை வியப்போடு பார்த்தார்.

“ஒத்திகைம்மா! கரைக்கு வந்ததும் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தினமும் பேசிப் பார்ப்பான். உங்க குழாய்கிட்ட சொன்னா உங்ககிட்டயே சொன்ன மாதிரியாம்... கப்பலுக்கே தெரியும். அன்னிக்கு என் வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அதை அவன்ல சொல்லணும்?”

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. சோதனைக்காகக் கருவியை ஓடவிட்டு, நனைந்தபடியே முன்முனைக்குப் போனாள். அவன் துடைத்துத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்த குழாய் வாயில் இப்போது உப்புப் படிந்திருந்தது. துப்பட்டாவால் துடைத்தாள். குனிந்தாள்.

“எனக்கும்தான்...” குழாயை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். “எனக்கும் உங்களைப் பிடிச்சிருந்தது. முதல் நாளே... நீங்க சொல்லியிருந்தா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?”

கீழே இன்ஜின் அறையில், ‘மாப்பிள்ளை’ கருவி அதையும் வெறும் மூச்சாகவே அளந்துகொண்டிருந்தது.