மேல் தட்டில் ஐந்து டிகிரி

"யாரைக் கேட்டு இதைத் திறந்தீங்க?"

கிருமிகள் வளரும் இன்குபேட்டரின் கதவைப் பிடித்திருந்தவன் திரும்பினான். இயந்திரத்தைச் சரிபார்க்க வந்த மெக்கானிக். மழையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அந்தக் கண்கள்... சே, சண்டை போடும்போது கண்ணை யாராவது பார்ப்பார்களா என்று அந்த ஆய்வகத்தின் ஆராய்ச்சியாளரான அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

உள்ளே இருந்தது அவளுடைய ஆறு மாத உழைப்பு. கொஞ்சம் மருந்து ஊற்றித் தொல்லை கொடுத்தால், கிருமிகள் மருந்தை எதிர்க்கும் மரபணுவைப் பக்கத்துக் கிருமிகளுக்கு அதிகமாகக் கொடுக்கும். நிம்மதியாக விட்டால் குறைவாகத்தான் கொடுக்கும். இதைக் காட்டினால்தான் அவள் ஆய்வு தொடரும். ஆனால் அன்று எடுத்துப் பார்த்தால், நிம்மதியாக விட்டவையும் வாரி வழங்கியிருந்தன...

எல்லாம் இவன் கதவைத் திறந்ததால்தான். விசாரிக்காமலே புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். இனி அவன் இந்தக் கட்டிடத்துக்குள் வர முடியாது.

மறுநாள்தான் இன்குபேட்டர் மேல் அவன் போகும்முன் விட்டுச்சென்ற சீட்டைக் கவனித்தாள். ரொம்ப நாளாக உள்ளே ஃபேன் ஓடவில்லை, கீழ்த் தட்டு சரியாக முப்பத்தேழு டிகிரி, மேல் தட்டு நாற்பத்திரண்டு என்று எழுதி வைத்திருந்தான்.

நிம்மதியாக இருக்கட்டும் என்று அவள் மேல் தட்டில் வைத்த கிருமிகள், பாவம், சூட்டில் வெந்துகொண்டிருந்திருக்கின்றன. சூடும் தொல்லைதானே... அசடு வழிந்தது. மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. வீட்டில் அக்காவிடம்கூடக் கேட்டதில்லை. இரண்டு நாள் வீம்பு பிடித்துவிட்டு, மூன்றாம் நாள் புகாரை வாபஸ் வாங்கி, அவனுக்குப் போன் செய்தாள்.

அவன் ஒன்றுமே நடக்காதது போல வந்து ஃபேனை மாற்றினான். அவள் அந்தக் கடைசிச் சோதனையை முதலிலிருந்து செய்தாள். மறுவாரம் அவன் சூட்டைச் சரிபார்க்க வந்த நேரம், முடிவும் வந்தது. நிம்மதியாக இருந்தவை குறைவாகத்தான் கொடுத்திருந்தன. சந்தோஷத்தில் அவன் கையைப் பிடித்துக் குலுக்கியவள், விட மறந்துபோனாள்.

"ஃபேன் நல்லா ஓடுது," என்றான் அவன், கையை இழுக்காமல். "இனிமே எனக்கு இங்க வேலை இல்லைங்க."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. இப்போது வீம்பு பார்த்தால் அவ்வளவுதான்...

"வேலை இல்லைன்னாலும் வாங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் கண்கள் சிரித்தன.

"எனக்கு அன்னைக்கே பிடிச்சுப் போச்சுங்க. ஆனா வந்தா மறுபடி புகார் எழுத மாட்டீங்களே?"

"வரலைன்னாதான் எழுதுவேன்."