வில்லன் மடியில் மகாராணி

கூடையைத் துப்பறிவாளரின் மேசைமேல் வைத்துவிட்டுப் பூனைப் பயிற்சியாளர் கண்களைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே வெள்ளைப் பூனை மகாராணி நிம்மதியாகக் கொட்டாவி விட்டது.

“தொடர்ல வில்லனைப் பார்த்ததும் இவ பயந்து ஓடணும் சார். ஒத்திகையில நான் கை காட்டினதும் ஓடுறா. கேமரா ஓடும்போது மட்டும் நேரா அவர் மடியில போய்ப் படுத்துக்கிறா. இன்னைக்குள்ள சரியாகலைன்னா வேற பூனை, வேற ஆள்னு டைரக்டர் சொல்லிட்டார்.”

“மகாராணியை மாத்துறதா?” துப்பறிவாளரின் மைத்துனர் பதறினார். “போன வாரம் டிவியில சாவியைக் கவ்விக்கிட்டு ஒரு பார்வை பார்த்தாளே அத்தான், வீட்ல எல்லாரும் கும்பிடாத குறை. வில்லன் மீனைக் காட்டி மயக்கியிருப்பான்.”

“பொறு மச்சான்” என்ற துப்பறிவாளர், பயிற்சியாளரிடம், “நீங்க சாப்பிடப் போறப்ப இவ எங்கே இருப்பா?” என்றார்.

“உடை அறையில சார். அங்கதான் கதவை நல்லா சாத்த முடியும்.”

படப்பிடிப்புத் தளத்தில் வில்லன் நடிகர் பூனையைக் கண்டதுமே தும்மினார். “பூனை எனக்கு ஆகாதுங்க. நானா கூப்பிடுவேன்?”

துப்பறிவாளர் அவருடைய கறுப்புக் கோட்டை வாங்கிப் புரட்டினார். வெளிப்பக்கம் நாலைந்து வெள்ளை முடிகள். உள்பக்கத் துணி முழுக்க முடி.

“ஒத்திகைக்கும் இதைப் போடுவீங்களா?”

“கசங்கும்னு தர மாட்டாங்க. டேக்குக்கு மட்டும்தான்.”

கோட்டை ஒரு காலி நாற்காலியில் போட்டார்கள். மகாராணி நடிகரைத் திரும்பியும் பாராமல் கடந்து, நாற்காலியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டது.

“இவளுக்குப் பிடிச்சது ஆள் இல்ல, கோட்டு” என்றார் துப்பறிவாளர். “மடியில படுத்தா வெளிப்பக்கம்தான் முடி ஒட்டும். உள்பக்கம் ஒட்டணும்னா யாரோ இதை விரிச்சுப் படுக்க வச்சிருக்கணும். டேக் இல்லாத நேரம் கோட்டும் பூனையும் ஒரே அறையில இருக்கு.”

எல்லாரும் ஓரமாக நின்ற உடைப் பொறுப்பாளரைப் பார்த்தார்கள்.

“ஏசி குளிர்ல நடுங்குச்சுங்க” என்றார் அவர், தலை நிமிராமல். “இஸ்திரி போட்ட சூட்டோட விரிச்சேன். அந்தம்மா வேலைக்கே உலை வைக்கும்னு தெரியல. தெரிஞ்சப்புறம் சொல்லப் பயமாயிடுச்சு.”

டைரக்டர் வாயெடுக்குமுன் துப்பறிவாளர் மென்மையாகச் சொன்னார்: “இரக்கப்பட்டதுல குத்தமில்ல. மறைச்சதுதான் குத்தம். சண்டைக் காட்சிக்கு இதே மாதிரி இன்னொரு கோட்டு இருக்குமே?”

இருந்தது. கேமரா ஓடியது. அந்தக் கோட்டை அணிந்து வில்லன் நுழைய, பயிற்சியாளர் கை காட்டினாள். மகாராணி முதுகை வளைத்து, முடி சிலிர்த்து, அவரை ஒரு கணம் பார்த்தது. அந்தப் பார்வையில் தளமே உறைந்தது. அடுத்த கணம் கதவுக்குப் பின்னே பாய்ந்து மறைந்தது. விளக்குக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள்.

“அடுத்த வாரமும் நீங்களே வந்துடுங்கம்மா” என்றார் டைரக்டர்.

பயிற்சியாளர் உடைப் பொறுப்பாளரிடம் போனாள். திட்டு விழப்போகிறதென்று அவர் ஒதுங்கி நின்றார்.

“இவளுக்குக் குளிரும்னு எனக்குத் தோணவே இல்லையே, அண்ணே” என்றாள்.

அவர் பழைய கோட்டை எடுத்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கப் போனார்.