விறகறைத் துளை

வீட்டுக்குள்ளிருந்து விறகறைக்குப் போகும் கதவில் காலையில் துளை இல்லை. இப்போது இருந்தது. குன்னெலின் கண் உயரத்தில், நாணயம் அளவில், ஓரமெல்லாம் கொத்தி எடுத்ததுபோல் பிசிறு பிசிறாக.

பிற்பகல் காப்பி நேரம்தான். ஆனால் நவம்பர் மாத வட சுவீடனில் அந்நேரத்துக்கே இருட்டு வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துவிடும்.

குன்னெல் அண்டங்காக்கைகளை ஆராய்கிறவள்; கேட்ட குரலை அப்படியே திருப்பிச் சொல்லும் பறவைகள் அவை. புருஷனோடு பேசியதைவிட அவற்றோடு பேசியது நூறு மடங்கு தேறும். கடைசியாக அகப்பட்டது ஹூல்டா என்ற பெண் பறவை. அதன் சோடியைப் பலகைக்குப் பின்னால் அடைத்து, பலகையில் ஒரு துளை போட்டாள். ஹூல்டா எட்டிப் பார்த்தது. பிறகு சோடிக்கு ஊசி போட்டு அப்புறப்படுத்தினாள். ஹூல்டா வெற்றுக் கூண்டையும் எட்டிப் பார்த்தது. தீனியைப் பாதியில் விட்டுவிட்டுத் துளைக்கே திரும்பித் திரும்பி வந்து, கோடை முழுக்கப் பார்த்தது. அறியும் ஆவல் பசியைவிடப் பெரியது என்று குன்னெல் எழுதி வாசித்ததற்கு மாநாட்டு அரங்கத்துக் கூரை பறக்கக் கைதட்டினார்கள். இன்று காலையில்தான் பறவையைத் திறந்துவிட்டாள்.

காலையிலேயே புருஷன் பிர்கர் சீண்டினார். "அந்தப் பறவையோட புருஷனக் கொன்னுட்டு, அது தேடுறதுக்கு ஆவல்னு பேரு வச்சுட்ட. நான் காணாமப் போனா நீ எட்டிப் பாப்பியா?"

"உன் தொப்பை பக்கத்து ஊருக்கே தெரியும். எதுக்கு எட்டிப் பாக்கணும்? போடா கிழவா!"

இப்போது பிர்கரைக் காணோம். மேசையில் இரண்டு கோப்பைகள், ஏலக்காய் ரொட்டி. வாசலில் அவருடைய சப்பாத்துகள் எல்லாம் வரிசையாக இருந்தன. வெறும் காலுறையோடு பனியில் இறங்கும் கிறுக்கன் அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. ஆக, ஆள் வீட்டுக்குள்தான்.

"பிர்கர்! காப்பி ஆறுது, வாடா!"

விறகறைக் கதவுக்கு அந்தப் பக்கம் இருமல். அவருடைய இருமல்தான்.

"ஆறுது, வாடா," என்றது அவர் குரல்.

தள்ளினாள். உள்ளே விறகு சரிந்து அடைத்ததுபோல் கதவு அசையவில்லை. ஈரப் பிசினின் வாசனை துளை வழியாக வந்தது. அதனடியில் வேறொரு வாசனையும், பறவைக் கூண்டில் தினமும் அவள் மூக்கில் ஏறுகிற அதே புளித்த வாசனை. வெளியே சுற்றிப் போனால் விறகறைக்கு மறு வாசல் உண்டு. போய்விடலாம். முதலில் ஒரு பார்வை.

கண்ணை வைத்தாள்.

மங்கிய விளக்கு. விறகுக் குவியலுக்குப் பின்னால் சாம்பல் நிறக் காலுறை. அதற்குள் கால். விரல்கள் அசைந்தன.

"பிர்கர்! இரு, வர்றேன்!"

வாசலுக்கு ஓடினாள். ஒரு சப்பாத்தை மாட்டினாள். பின்னால் இருமல். திரும்பி வந்து எட்டிப் பார்த்தாள்.

காலுறை மட்டும். தட்டையாக.

மறுபடி வாசல். மறுபடி இருமல். மறுபடி துளை.

வெறும் தரை.

எதிர்ச் சுவரில் இன்னொரு துளை. இதே அளவு. அதில் ஒரு கண். கறுப்பு. ஈரம். தரையை அது பார்க்கவில்லை. அவளைப் பார்த்தது. அவள் எத்தனை தரம் வருகிறாள் என்று பார்த்தது.

போக வேண்டும். அவளுக்குத் தெரியும். ஒரு காலில் சப்பாத்து, ஒரு காலில் காலுறை.

இருமல்.

கண்ணை வைத்தாள். வெறும் தரை.

மேசையில் காப்பி ஆடை கட்டியது.

கண்ணை வைத்தாள்.