நாலாவது மருந்து

செவ்வாய்க் கிரகத்தில் காலையில் வேலைக்குப் புறப்படுகிறவர்கள் முதலில் வாசற்கதவுக்கு நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். கதவிலுள்ள உணர்முளை நாக்கைத் தொட்டுப் பார்க்கும். காய்ச்சல், தொண்டைப்புண் எதுவும் இல்லை என்றால் கதவு திறக்கும். குவிமாடத்துக்குள் எல்லோரும் ஒரே காற்றைத்தான் மாற்றி மாற்றிச் சுவாசிக்கிறார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. பிள்ளைகள் கதவைக் கண்டாலே நாக்கை நீட்டுவார்கள். அங்கே அது யாரையும் பழிப்பதாகாது.

குழாய் பழுதுபார்க்கும் குழந்தைவேலு அன்றும் நாக்கை நீட்டினார். கதவு திறந்தது. அவர் கையில் முந்திரி இருந்தாள். முந்திரி அவருடைய நாய்; அந்த வீட்டில் அவர் பேச்சுக்குக் காது கொடுக்கும் ஒரே ஜீவன். கிரகத்தின் குறைந்த ஈர்ப்பில் ஆசை தீரத் துள்ளி, கூரையில் மோதி விழுந்து, பின்னங்காலை முறித்துக்கொண்டிருந்தாள். எலும்புக்குள் கம்பி வைத்துச் சேர்த்திருந்தார்கள். எலும்பு கூடுவதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிருமி குடியேறிவிட்டது. மருந்து கொடுத்தும் சீழ் நிற்கவில்லை.

குடியேற்றச் சட்டம் இதில் ஈவிரக்கம் பார்க்காது. மருந்துக்கு மசியாத கிருமி உள்ள விலங்கை, மனிதர்களின் பாதுகாப்பு கருதி, உறங்கவைத்துவிட வேண்டும். உறக்கம் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

மருத்துவமனையில் கால்நடை மருத்துவர் நசீமா முந்திரியின் புண்ணிலிருந்து ஒரு துளி சீழை எடுத்துக் கிருமி ஜாதகக் கருவியில் விட்டார். எந்தெந்த மருந்தை எதிர்க்கக் கற்றிருக்கிறது என்பதைக் கிருமியின் மரபணுவைப் படித்தே அது சொல்லிவிடும். குழந்தைவேலு முந்திரியின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"டாக்டரம்மா, ஆகாதுன்னா காலை வேணா எடுத்துருங்க. மூணு காலோட இருந்துட்டுப் போகட்டும். உசுரை மட்டும் விட்டுருங்க."

"கொஞ்சம் பொறுங்கண்ணே." நசீமா திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "மூணு மருந்தை ஜெயிச்சிருக்கு. இதுல ரெண்டை முந்திரிக்கு நான் கொடுத்ததே இல்ல. நீங்க ஏதாவது சாப்பிட்டிருக்கீங்களா?"

"தொண்டை வலின்னு... எப்பவோ."

"முழுசாச் சாப்பிட்டீங்களா?"

"கதவு திறக்குற வரைக்கும் சாப்பிட்டேம்மா."

அங்கே பாதிப் பேர் செய்வது அதுதான். கதவு திறந்தால் நோய் போயிற்று. மிச்ச மாத்திரை எவர்சில்வர் டப்பாவுக்குப் போகும். அடுத்த முறை தொண்டை கரகரத்தால் அதிலிருந்து ரெண்டு. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் அவருக்கும் ரெண்டு. அரைகுறை மருந்தில் சாகாமல் தப்பிய கிருமிகள் குழந்தைவேலுவின் மூக்குக்குள் அவருக்கு ஒரு தொந்தரவும் கொடுக்காமல் குடித்தனம் நடத்தின. கதவு நாக்கைத்தான் பார்க்கும், மூக்கைப் பார்க்காது. மூக்கைத் துடைத்த கையோடுதான் அவர் தினமும் முந்திரியின் கட்டைப் பிரித்து, கொஞ்சிக் கொஞ்சி மறுபடி கட்டினார்.

நசீமா அவர் மூக்கில் பஞ்சை விட்டு எடுத்து அதற்கும் ஜாதகம் பார்த்தார். இரண்டும் அச்சாக ஒன்று.

"நாய்கிட்ட இருந்து உங்களுக்கு வரலண்ணே. உங்ககிட்ட இருந்துதான் அதுக்குப் போயிருக்கு."

"ஐயோ, நானா?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப மருந்தே இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு, நாலாவது. இந்தக் கிருமி அதைப் பார்த்ததே இல்ல. ஏன்னா அது உங்க டப்பாவுல இல்ல."

கம்பியை எடுத்து, அழுகிய எலும்பைச் சுரண்டி, வாரக்கணக்கில் மாத்திரையைப் பீட்ரூட் அல்வாவில் பொதிந்து கொடுத்தார்கள். முந்திரி பிழைத்தாள். காலும் பிழைத்தது. முதல் தடவை நாலு காலையும் ஊன்றி அவள் நின்றபோது குழந்தைவேலு கண்ணாடிக்கு இப்பாலிருந்து கேவிக் கேவி அழுதார். அப்படி ஒரு நிம்மதி. கண்ணாடி எதற்கென்றால், மனிதரிடமிருந்து விலங்கைப் பாதுகாக்க அவரைத்தான் தனி அறையில் போட்டிருந்தார்கள். உறங்கவைக்கும் சட்டம் மனிதர்களுக்குப் பொருந்தாது என்பது அவர் அதிர்ஷ்டம்.

அவருக்கும் அதே நாலாவது மருந்துதான். முதலில் ஒழுங்காக விழுங்கினார். பிறகு, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, முந்திரியும் தேறிவிட்டாளே என்று தோன்றியது. அடுத்த மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டார். நாளைப் பின்னே அவளுக்கு ஏதாவது என்றால் உதவுமே!

மனித வார்டு எந்திரமாக இருந்தால், "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கும்; "ஆச்சு" என்றால் நம்பிப் போய்விடும். நசீமா அனுப்பியிருந்ததோ நாய் வார்டு எந்திரத்தை. அது அவர் தாடையைப் பிடித்து உயர்த்தி, தொண்டையை மேலிருந்து கீழாக நீவிவிட்டது. மாத்திரை இறங்கிவிட்டது. பழக்கதோஷத்தில் அவரே நாக்கை நீட்டிக் காட்டினார்.

"சமத்து," என்று தலையைத் தட்டிக்கொடுத்து ஒரு பிஸ்கட்டை நீட்டியது எந்திரம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முந்திரி வாலை ஆட்டினாள். அவள் தொண்டையை ஒரு தடவைகூட நீவ வேண்டியிருக்கவில்லை.