ஞாயிற்றுக்கிழமைக் கடல்

விடிந்ததும் வழித்தேர்வு நிலையத்தில் உட்கார்ந்து, நாற்பத்திரண்டு படகுகளுக்கும் வழி தேர்ந்தாகிவிட்டதா என்று பார்ப்பது ஜெசிந்தாவின் வேலை. திரையில் ஐந்து கடல்வழிகள் கோடுகளாய் ஒளிரும். படகுக்காரர் ஒன்றைத் தொட்டால் தன்னோட்டி எஞ்சினைக் கிளப்பும். தொடாதவருக்காக அவள் தொடுவாள். ஆளில்லாவிட்டாலும் படகு போய்விடும்.

அந்நியர் ஆண்டபோது ஒரே வழிதான் இருந்தது, இப்போது ஐந்து, ஆகவே ஐந்து மடங்கு சுதந்திரம் என்று உலகக் கடல் கூட்டமைப்பு பயிற்சியில் சொல்லியிருந்தது. ஒரு நாள் வழி தேர்ந்தெடுக்கத் தவறினாலும் கரை கடலுரிமையை இழக்கும். ஜெசிந்தா அதை நம்பித்தான் ஆறு வருடம் வேலை பார்த்தாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வலை தொடாத கரை அது. அந்த ஒரு நாளுக்கு விலக்கு தந்திருந்த கூட்டமைப்பு, இந்த வாரம் அதையும் நீக்கிவிட்டது. இன்று ஞாயிறு. திரையில் நாற்பத்திரண்டும் தேர்வாகாமல் சிவப்பு.

பூசைக்குக் கிளம்பிய அண்ணன் மனைவி ரெஜினா எட்டிப் பார்த்தாள்.

"மைனி, ஒருத்தரும் தொடலியே. ஏழு மணிக்குள்ள நான் தொட்டாவணும்."

"தொடேன். அஞ்சுல எது புடிக்குதோ அதத் தொடு. நீதான் சுதந்திரக்காரியாச்சே!"

"கிண்டல் பண்ணாதீங்க. விட்டா ஊருக்கே கடல் போயிரும்."

"கடல் எங்கட்டி போவும்? இங்கனதான கெடக்கு."

ரெஜினா போய்விட்டாள். ஜெசிந்தாவின் விரல் திரைமேல் நின்றது. எந்த வழி என்று ஆயிரம் முறை கேட்ட திரை, போக மனமிருக்கிறதா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இத்தனை வருடமும் தேர்ந்தது விரல்தான், அவள் இல்லை. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஏழு அடித்தது.

"இக்கரையின் சுதந்திரம் ரத்து செய்யப்பட்டது" என்றது திரை. அவள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை எஞ்சின்கள் உயிர்க்கவில்லை. ஆண்களும் பெண்களும் தோள் கொடுத்துப் படகுகளைத் தள்ளினார்கள். இடுப்பளவு நீரில் ரெஜினாவோடு ஜெசிந்தாவும் நின்றாள். துடுப்புகள் நீரில் விழுந்தன.

"காவல் கப்பல் புடிச்சா, மைனி?"

"புடிக்கட்டும். நம்ம கடல்லதான புடிப்பான்." ரெஜினா மூச்சு வாங்கினாள். "ஆமா, எந்தப் பக்கம் போறாங்க?"

ஜெசிந்தா கண்ணுக்கெட்டிய தூரம் பார்த்தாள். எங்கும் கோடில்லை.

"தெரியலியே" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது.