விடாத பூட்டு

பிற்பகலில் அவள் உள்ளே நுழைந்தபோது மருத்துவமனை வரவேற்பறை சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்தது. நோயாளிகளுக்குக் கட்டில் ஒதுக்கும் கணினித் திரை எல்லா மேசைகளிலும் உறைந்துபோயிருந்தது. அதைச் சரிசெய்யத்தான் மென்பொருள்காரியான அவளை அழைத்திருந்தார்கள்.

கோளாறு சீக்கிரமே பிடிபட்டது. ஜன்னலோரக் கட்டிலின் பதிவை யாரோ திருத்தத் திறந்து, முடிக்காமல் பூட்டி வைத்திருந்தார்கள். பின்னால் அதைத் திறக்க வந்த ஊழியர்கள் ஆளுக்கொரு சர்வர் இணைப்பைப் பிடித்துக்கொண்டு காத்து நிற்க, இணைப்புகள் தீர்ந்து மொத்தமும் முடங்கிவிட்டது.

பூட்டை அறுத்தாள். திரைகள் உயிர்பெற்றன.

கண்மூடித் திறப்பதற்குள் மறுபடி பூட்டு.

"சிஸ்டர், யாரு இந்த 'சிட்டு'? இவங்க பேர்லதான் பூட்டு விழுது."

தலைமை நர்ஸின் முகம் வெளுத்தது. "எங்ககூட நர்ஸா இருந்தாம்மா. போய்ச் சேர்ந்துட்டா."

குரல் இன்னும் தாழ்ந்தது.

"அவ தம்பிய மூச்சுத் திணறக் கொண்டு வந்தாங்க. அந்த ஜன்னலோரக் கட்டில் காலியாத்தான் இருந்துச்சு. இவ அழுத்தி அழுத்திப் பாக்குறா, இணைப்பு இல்லைன்னே வருது. பதிவு ஏறாம கட்டில் குடுக்கக் கூடாதுன்னு மேனேஜர் உத்தரவு. பையன் வராந்தாவுலயே போயிட்டான். அந்த ஏக்கத்துலயே இவளும்..."

"திரை உறைஞ்சு போகுதுன்னு மேனேஜர்கிட்ட யாரும் சொல்லலியா?"

"சொல்லாம? செவிடன் காதுல ஊதின சங்கு."

பூட்டு வந்த கணினி மாடியில், அடைத்துப் போட்ட அறையில் இருந்தது. கதவைத் தள்ளியதும் மருந்து நெடி மூக்கில் ஏறியது. கணினியின் மின்கம்பி சுவரில் செருகப்படாமல் தரையில் கிடந்தது.

டக்.

விசைப்பலகையில் ஒரு பொத்தான் தானாக அமுங்கி எழுந்தது.

டக். டக்.

தலைதெறிக்கக் கீழே ஓடிவந்தாள். எத்தனை முறை அறுத்தாலும் அந்தக் கை விடப்போவதில்லை என்று புரிந்தது. பூட்டை அறுத்த கையோடு, தலைமை நர்ஸிடம் கேட்டு, ஜன்னலோரக் கட்டிலைச் சிட்டுவின் தம்பி பெயருக்கு எழுதிச் சேமித்தாள்.

பதிவு ஏறியது. பூட்டு திரும்ப வரவில்லை.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "செத்தவனுக்கு எதுக்கும்மா கட்டில்? ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"சார், கொஞ்சம் பொறுங்க..."

அவரே பெயரை அழித்தார். திரை சீராக ஓடியது. "இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா!" என்று சிரித்தார்.

அடுத்த நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோன தலைமை நர்ஸ் வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்த மென்பொருள்காரியும் பார்த்தாள்.

ஜன்னலோரக் கட்டிலில் யாரும் இல்லை. புது விரிப்பின் நடுவே ஓர் ஆள் படுத்த பள்ளம்.

அது மெல்ல ஏறி, இறங்கி, ஏறியது.